மலைச்சரிவில் வீடு: எவ்வளவு மழைக்கு வெளியேற வேண்டும்?

இலங்கையின் பதுளைப் பக்கம் சரிவான காணியில் இருக்கும் வீட்டிலிருந்து, மண்சரிவுக்கு முன் எவ்வளவு மழைக்கு வெளியேற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான்.

மழையை வீட்டிலேயே அளக்கலாம். பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் வரும்படி அடிமட்டத்தை (அளவுகோலை) ஒட்டுங்கள். கூரை, மரம் மறைக்காத வெளியில் வைக்க வேண்டும்.

ஆனால் அளவு எட்டட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல நாள் ஊறிய மண் குறைந்த மழைக்கே சரியும். நிலத்தில் புதுப் பிளவு, திடீரென இறுகும் கதவு, கலங்கி வரும் ஊற்று, எதைக் கண்டாலும் கிளம்புங்கள். ஓடை சட்டென வற்றினால் இன்னும் ஆபத்து. மேலே மண் அடைத்து நீர் தேங்கியிருக்கலாம். பள்ளம் வழியே இறங்காமல் பக்கவாட்டில் விலகுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மண் மூடிய பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டமும் முன்பே எச்சரிக்கப்பட்ட இடம்தான். இடர் முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117.