மடக்கிப் பேசினால் கைதட்டல் வரும், ஓட்டு வருமா?

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி நான். ஒன்றரை வருடமாக விவாத அணியில் இருக்கிறேன். மாணவர் பேரவைத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நிற்கச் சொன்னார்கள், ஒப்புக்கொண்டேன். வாக்குப்பதிவுக்கு இன்னும் ஐந்து வாரம். அதற்கு முந்தைய வாரத்தில் மூன்று நாள் விவாதப் போட்டி. இதற்கிடையில் தினமும் ஒன்பது மணிக்குப் பொது அறையில் எல்லோரும் ஒரு ரியாலிட்டி ஷோ பார்ப்போம். பத்தரைக்கு முடிந்தாலும் பன்னிரண்டு வரை அதே பேச்சுதான். அடுத்த சீசனுக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தோழிகள் படிவம் வேறு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் விடுதிக் கூட்டத்தில் எதிர் வேட்பாளரை மூன்றே கேள்வியில் மடக்கினேன். நல்ல கைதட்டல். மறுநாள் என் காதுபடவே ஒருத்தி, "இவளை ஜெயிக்க வெச்சா நாளைக்கு நம்மளையும் இப்படித்தான் மடக்குவா" என்றாள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தத் தோழி சொன்னதை மனதில் வைத்துக் குமையாதீர்கள். இந்த ஐந்து வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் கருத்துக்கணிப்புகளிலேயே நேர்மையானது அதுதான். உங்கள் சிக்கல் நேரப் பற்றாக்குறை மட்டும் இல்லை. ஓர் இடத்தில் பலித்த வித்தையை இன்னோர் இடத்துக்கு அப்படியே கொண்டுபோய்விட்டீர்கள்.

நீங்கள் பழகியிருப்பது பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறை என்று வைத்துக்கொள்கிறோம். 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியும், பல கல்லூரிப் போட்டிகளும் அந்த முறையில்தான் நடக்கின்றன. நான்கு அணி, அணிக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஏழு நிமிடம். தலைப்புக் கொடுத்த பதினைந்தாவது நிமிடம் மேடை. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் உள்ள ஐந்து நிமிடத்தில் எதிர்ப்பக்கத்தார் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். இந்த ஏற்பாட்டில் நீங்கள் மடக்குகிற ஆளிடமிருந்து உங்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. தீர்ப்புச் சொல்கிறவர் நடுவர். அந்த அறையில் பேசப்பட்டதை மட்டுமே அவர் எடை போடுவார். பதில் சொல்லாமல் விட்ட வாதம் எதிரணிக்கு வரவு என்பதால், ஒன்றையும் விடாமல் அடிக்கப் பழகிவிடுகிறோம்.

விடுதிக் கூட்டத்தில் நடுவர் கிடையாது. அங்கே மடங்கியவளுக்கும் ஓர் ஓட்டு உண்டு, அவள் அறைத்தோழிகளுக்கும் ஆளுக்கோர் ஓட்டு உண்டு. அன்றைக்குக் கேள்வியின் கூர்மையை ரசித்துத் தட்டினார்கள். ஓட்டுச்சீட்டைக் கையில் வாங்கும்போது நினைப்பது வேறு: குழாயில் தண்ணீர் வராத அன்று இவளிடம் போய்க் கூச்சமில்லாமல் சொல்ல முடியுமா?

அடுத்த கூட்டத்தில் இப்படிச் செய்யுங்கள். எதிர் வேட்பாளர் சொன்னதில் எது சரியோ, அதை அவர் பெயரைச் சொல்லியே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் மாறுபடும் இடம் ஒன்று, ஒன்றே ஒன்று. அதற்கு நீங்கள் எந்தத் தேதிக்குள் என்ன செய்வீர்கள் என்பதோடு நிறுத்திவிடுங்கள். அவர் சொன்ன மற்ற நாலு தப்புகளும் கண்ணை உறுத்தும், விடுங்கள். கூட்டத்துக்கு முன்னால் அவரைத் தனியாகப் பார்த்து, கேட்ட கேள்வியில் மாற்றமில்லை, எல்லோரும் சிரிக்கும்படி கேட்டிருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பாதிக் கசப்பு அங்கேயே தீரும். அதை யாரும் படம்பிடிக்க வேண்டியதில்லை.

இனி தேர்தல். முதலில் பேரவையின் விதிப் புத்தகத்தை வாங்கி முழுதாகப் படியுங்கள். வேட்பாளர் தோற்பதற்கு முன்பே விழுவது பெரும்பாலும் இங்கேதான்: முன்மொழிந்தவர் இன்னொருவருக்கும் கையெழுத்துப் போட்டிருப்பார், வருகைப் பதிவு ஒரு சதவீதம் குறைந்திருக்கும், அனுமதியில்லாத சுவரில் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள், செலவுக்கு ரசீது இருக்காது. வேட்புமனுவைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கொடுங்கள்; பிழை இருந்தால் திருத்த நேரம் கிடைக்கும். முன்மொழிய, வழிமொழியத் தேவையானதைவிட இரண்டு பேரைக் கூடுதலாகத் தயாராக வைத்திருங்கள். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள்.

அடுத்தது கணக்கு. போன வருடம் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று தேர்தல் அலுவலரிடம் கேளுங்கள். உதாரணத்துக்கு 1,200 பேருக்கு ஓட்டுரிமை, பாதிப் பேர்தான் வருவார்கள் என்றால் 600 ஓட்டு. மூன்று வேட்பாளர்கள், ஓட்டு ஏறக்குறையச் சமமாகச் சிதறினால் 201லேயே ஜெயிக்கலாம். எப்படிச் சிதறினாலும் ஜெயிக்க 301 வேண்டும். இப்போது பெயர்ப் பட்டியல் போடுங்கள்: பெயர், வகுப்பு அல்லது அறை எண், பக்கத்தில் ஒரு குறி. உறுதி, ஊசலாட்டம், அந்தப் பக்கம். அந்தப் பக்கத்தாருக்கு வணக்கம் போதும். உங்கள் நேரம் முழுவதும் ஊசலாடுகிறவர்களுக்கு.

"சப்போர்ட் பண்ணு" என்று கேட்டால் எல்லோரும் "கண்டிப்பா" என்பார்கள். அந்தக் கண்டிப்பாவை ஊசலாட்டத்தில்தான் எழுத வேண்டும். வாக்குப்பதிவு அன்று இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவர முடியுமா என்று கேளுங்கள். யார் யார் என்று பெயரோடு பதில் வந்தால் உறுதி. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் மணிக்குப் பன்னிரண்டு பேர். தினம் ஒரு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், நான்கு வாரத்தில் 240 பேரை நேரில் பார்த்துவிடலாம். அந்த ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் அவர்கள்தான் பேச வேண்டும். விவாதம் பழகியவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை.

வகுப்புகளில் பேச ஆசிரியர் இரண்டு நிமிடம் கொடுத்தால் 200 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். பெயர், பதவி, ஒரே ஒரு விஷயம், வாக்களிக்கும் நாளும் இடமும். போட்டி மேடையின் வேகத்தில் பேசினால் ஒருவருக்கும் ஒன்றும் நிற்காது.

வாக்குறுதி மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் யாருடைய கையெழுத்து வேண்டும், பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், எப்போது முடியும் என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். "நூலகத்தை இரவு பத்து வரை திறக்க வைப்பேன்" என்று சொல்வது சுலபம். அதற்கு நூலகர், ஒரு காவலாளி, கூடுதல் நேர ஊதியம், விடுதிக்குத் திரும்பும் நேரத்தைத் தளர்த்த விடுதிக் காப்பாளர் என்று நான்கு கதவைத் தட்ட வேண்டும். தேர்தலுக்கு முன்பே நூலகரைப் பார்த்து, என்ன இருந்தால் முடியும் என்று கேட்டுவிட்டு வந்தால், அந்த ஒரு சந்திப்பே உங்கள் பிரசாரம். ஏதாவது அமைப்பு தன் அணியில் சேரச் சொல்லி, சுவரொட்டிச் செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னால், ஜெயித்த பிறகு எந்த எந்தத் தீர்மானத்தில் தங்கள் சொல்படி கைதூக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் தனியாகவே நில்லுங்கள்.

செயலாளர் பதவி உங்களுக்குப் பொருத்தமானதும்கூட. தலைவருக்கு மாலை, செயலாளருக்கு நிகழ்ச்சிநிரல். எதை எந்த வரிசையில் பேசுவது என்று எழுதுபவர் அவர்தான். கூட்டக் குறிப்பை எழுதுபவரும் அவர்தான். ஆறு மாதம் கழித்துச் சண்டை வரும்போது குறிப்பில் இருப்பதுதான் நடந்ததாக நிற்கும். விவாதத்தில் எட்டுப் பேர் பேசுவதைப் பத்தி பிரித்துக் குறிப்பெடுக்கப் பழகிய கை உங்களுடையது. பிரசாரத்தில் சொல்லத்தக்க தகுதி இதுதான், மேடைப் பேச்சு அல்ல.

விதிப் புத்தகத்தில் ஓட்டு எண்ணும் முறையையும் பாருங்கள். 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதும் முறையாக இருந்தால் எதிர் வேட்பாளரின் ஆதரவாளர்களிடமும் இரண்டாம் இடம் கேட்கலாம், கேட்க வேண்டும். அப்படியானால் அன்றைய மூன்று கேள்விகளின் விலை இன்னும் அதிகம்.

ரியாலிட்டி ஷோ பார்ப்பது வீண் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. ஆனால் அதில் கற்ற தந்திரத்தைப் பேரவையில் இறக்காதீர்கள். நாலு பேர் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து ஒவ்வொருவராக வெளியேற்றுவது அங்கே செல்லும், ஏனென்றால் வெளியேறியவர் வீட்டுக்குப் போய்விடுவார். உங்கள் தேர்தலில் தோற்றவர் மறுநாள் உங்களுக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த விளையாட்டிலேயேகூட இது முழுதாகச் செல்லாது. 2000இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான சர்வைவரின் முதல் சீசனில் கூட்டணி கட்டிப் பலரை வெளியேற்றிய ரிச்சர்ட் ஹாட்ச், கடைசியில் வெளியேறிய ஏழு பேர் அடங்கிய நடுவர் குழுவின் முன்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. ஜெயித்தது நாலுக்கு மூன்று என்று மயிரிழையில்.

பார்க்கும்போது ஒன்றைப் பழகுங்கள். ஒரு நாளின் 24 மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் காட்டுகிறார்கள் என்றால் கடிகாரக் கணக்கிலேயே ஆறு சதவீதம்தான்; பல கேமராக்கள் ஓடுவதால் உண்மையில் அதிலும் குறைவு. பேசுபவரின் வாய் தெரியாதபோது வரும் வாக்கியம் இரண்டு இடங்களிலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். ஒருவர் முறைக்கும் காட்சியில் உடையோ கூந்தலோ வெளிச்சமோ மாறியிருந்தால் அந்த முறைப்பு வேறு நேரத்தது. எதிரில் காட்டுவதை ஆதாரமா என்று சந்தேகிக்கும் இந்தப் பழக்கம் விவாதத்துக்கு நேரடியாக உதவும்.

விண்ணப்பப் படிவத்தை இந்த வருடம் மூடி வையுங்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் உங்கள் உருவத்தையும் குரலையும் எல்லா ஊடகங்களிலும் காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமை, எப்படி வேண்டுமானாலும் தொகுக்கும் உரிமை, வாய் திறக்கக் கூடாது என்ற ரகசியக் கட்டுப்பாடு, நடுவில் விலகினால் இழப்பீடு, குறிப்பிட்ட காலம் வேறு நிகழ்ச்சிக்குப் போகத் தடை ஆகியவை சாதாரணம். இவற்றைக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். வாரக்கணக்கில் வெளியுலகத் தொடர்பில்லாமல் இருந்தால் வருகைப் பதிவு போகும், தேர்வும் போகலாம். இன்னொன்று, தேர்வு செய்கிறவர்கள் தேடுவது ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய ஆளை. "யாரையும் மடக்கிவிடும் பெண்" என்று உங்களுக்கு உடனே ஒரு பெயர் விழும். இப்போது நீங்கள் கழற்றப் பார்ப்பதே அந்தப் பெயரைத்தானே?

நேரத்துக்கு வருவோம். வாரத்துக்கு 168 மணி. தூக்கம் 56, வகுப்பும் ஆய்வகமும் 35, சொந்தப் படிப்பு 20, சாப்பாடு, குளியல், துணி, நடை எல்லாம் 21. மிச்சம் 36. இதில் டிவியும் அரட்டையுமாகத் தினம் மூன்று மணி என்றால் 21 போய்விடுகிறது. பாக்கி 15 மணியில் விவாதத்துக்கு 8, பிரசாரத்துக்கு 12 எடுக்கப் பார்த்தால் ஐந்து மணி இடிக்கும். அது தூக்கத்திலிருந்துதான் போகும். வாரத்தில் இரண்டு இரவு மட்டும் பொது அறைக்குப் போங்கள். வாரத்துக்கு ஆறு மணி நேரத்தோடு முடியும். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். உங்கள் வாக்காளர்கள் உட்கார்ந்திருப்பதே அங்கேதான், தேர்தல் வந்ததும் காணாமல் போனவள் என்ற பேரும் வேண்டாம். ஆனால் ஷோ ஓடும்போது ஓட்டுக் கேட்காதீர்கள், அதைவிட எரிச்சல் இல்லை.

போட்டிக்கான எட்டு மணியை மூன்று மணிப் பயிற்சி இரண்டு, வாசிப்புக்கு இரண்டு மணி என்று பிரியுங்கள். ஒரு பயிற்சிக்கு இரண்டு தலைப்பு. ஏழு நிமிடப் பேச்சைப் பதிவு செய்து கேட்டுவிட்டு, அதே பேச்சை அதே நாளில் திரும்பப் பேச வேண்டும். புதிய தலைப்புகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட இதில்தான் முன்னேற்றம் தெரியும். தயாரிப்பின் பதினைந்து நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடம் இருவரும் பேசாமல் தனித்தனியே எழுதுங்கள், அடுத்த எட்டு நிமிடம் ஒப்பிட்டு இரண்டு வாதங்களைத் தேர்ந்தெடுங்கள், மிச்சத்தில் பேச்சை எழுதுங்கள். வாதம் ஏன் உண்மை என்று எழுதிவிட்டு, ஏன் முக்கியம் என்பதை எழுதாமல் போவதுதான் வழக்கமாக நடக்கும் சறுக்கல். அதற்குக் கடைசி ஒரு நிமிடத்தை ஒதுக்கிவிடுங்கள்.

போட்டி வாரத்தில் பிரசாரத்துக்கு நீங்கள் போக வேண்டாம். பட்டியலை இரண்டு தோழிகளிடம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். மேடையைவிடச் சுற்றுகளுக்கு இடையே சத்தமான வராந்தாவில் பேசிப் பேசித்தான் தொண்டை கட்டும். திரும்பி வந்ததும் கடைசிக் கட்டப் பிரசாரத்துக்குக் குரல் வேண்டும்.

உங்கள் விவாதக் கூட்டாளியிடம் தேர்தலைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. இரண்டு பேர் அணியில் ஒருவர் பின்வாங்கினால் மற்றவருக்கும் போட்டி இல்லை. போட்டிப் பதிவு முடியும் தேதியைப் பார்த்துக்கொண்டு, இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து இரண்டு பயிற்சி நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், அவர் வேறு ஆளைத் தேட அவகாசம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.