வகுப்பில் ஒரு பையனை ‘பெண் மாதிரி’ என்று வதைக்கிறார்கள். தன்பாலீர்ப்பு (தன் பாலினத்தவர் மீதே வரும் ஈர்ப்பு) மீதான வெறுப்பைப் பற்றிப் பேசத் தமிழில் பாடப்பொருள் கிடைக்குமா? எங்கே தொடங்குவது?

கேட்டிருப்பவர் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர். நானும் தென்மாவட்டம் ஒன்றில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியைதான். என் அனுபவத்தில், இந்தப் பாடப்பொருள் முதலில் போய்ச் சேர வேண்டியது ஆசிரியர் அறைக்கு. மாணவர்கள் அதற்குப் பிறகு.

ஏன் என்று சொல்கிறேன். பெண்மைச் சாயல் உள்ள பையன்களைக் கேலி செய்ய இங்கே ‘ஒன்பது’ என்பார்கள். வருகைப் பதிவில் ஒன்பதாம் எண்ணை அழைத்ததும் பின் பெஞ்சில் ஒரு கனைப்பு எழும். கணக்கின் விடை 9 என்று வந்துவிட்டால் எல்லாத் தலைகளும் ஒரே பையன் பக்கம் திரும்பும். அவன் குனிந்து நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பான். தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. அந்த நேரத்தில் ஆசிரியர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தால் போதும், வகுப்புக்கு அனுமதி கிடைத்துவிடும். “ஆம்பிளைப் பையனாக நட” என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் ஆசிரியர்களும் அதே அனுமதியைத்தான் வழங்குகிறார்கள். ஆசிரியர் அறையில் இது பேசப்படாதவரை, வகுப்பில் எவ்வளவு நல்ல படம் காட்டினாலும் வீண்.

கையில் தரவு வேண்டுமென்றால், யுனெஸ்கோவும் சென்னையில் இயங்கும் சகோதரன் அமைப்பும் சேர்ந்து தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு இருக்கிறது; 2019இல் வெளிவந்தது. தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற பால், பாலினச் சிறுபான்மையினரான 371 பேரிடம் அவர்களுடைய பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் 60 சதவீதம். பள்ளி நிர்வாகத்திடம் புகார் கொடுத்தவர்கள் 18 சதவீதம் மட்டுமே. மூன்றில் ஒருவர் படிப்பை நிறுத்தியதில் இந்தக் கொடுமைக்கு முக்கியப் பங்கு இருந்தது. புகார் வரவில்லை, ஆகவே நம் பள்ளியில் இப்படி எதுவும் இல்லை என்று சொல்லும் தலைமையாசிரியரிடம் அந்த 18ஐக் காட்டுங்கள்.

அடுத்தது, நான் மிகவும் மதிக்கும் ஆவணம்: சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. தன்பாலீர்ப்பைப் பற்றித் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டு எழுதினார் அவர். ஒரு நீதிபதியே மாணவராக உட்கார்ந்தார் என்பதை விடச் சக ஆசிரியர்களிடம் எடுபடும் வாதம் வேறில்லை. கல்வி நிலையங்களுக்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு: பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு விழிப்புணர்வு, எல்லாப் பாலினத்தவரும் பயன்படுத்தும் கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்றும் வசதி, இதைப் புரிந்த ஆலோசகர்கள். அந்தப் பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “மேலிடத்து உத்தரவு எங்கே?” என்ற கேள்வி கட்டாயம் வரும்.

பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அரசு அமைப்பான என்சிஇஆர்டி 2021இல் திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி ஆசிரியர்களுக்காக ஒரு நல்ல கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. கழிப்பறை, சீருடை என்று ஆசிரியர் தினமும் சந்திக்கும் விஷயங்களைத் தொட்டுப் பேசிய கையேடு.

தமிழில் வாசிக்க, தன்பாலீர்ப்பாளர், திருநருக்காகச் சென்னையில் இயங்கும் ஓரினம் குழுவின் இணையதளம் தமிழிலும் இருக்கிறது. அங்கே தொடங்கலாம். வகுப்பில் எந்தச் சொல்லைச் சொல்வது என்று தயங்குபவர்களுக்கு, இவர்களை மரியாதையாகக் குறிப்பிடத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் உதவும். புத்தகமாக வேண்டுமென்றால் ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ பள்ளி நூலகத்தில் இருக்கட்டும். அது திருநங்கையரின் வாழ்க்கை பற்றியது, தன்பாலீர்ப்பு வேறு; இரண்டையும் போட்டுக் குழப்பாமல் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் நம் வேலைதான்.

வகுப்பில் நான் செய்வது எளிது. கேலிச் சொல் காதில் விழுந்த அந்தக் கணமே பாடத்தை நிறுத்திவிடுவேன். “இந்த வகுப்பில் யாருடைய நடையும் குரலும் கேலிக்கு இல்லை” என்று ஒரே வாக்கியம், குரலை உயர்த்தாமல். பிறகு பாடம் தொடரும். கேலிக்கு ஆளானவனை எழுப்பி நிறுத்தி அனுதாபம் காட்டக் கூடாது. அது இன்னொரு தண்டனை. வேறொரு நாள், பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளில் சந்தேகங்களை வாங்கிப் பதில் சொல்லலாம். “இது தொற்றுமா?” என்று ஒரு சீட்டில் இருக்கும். “எனக்கு இப்படித் தோன்றினால் நான் கெட்டவனா?” என்று இன்னொன்றில் இருக்கும். இரண்டாவது சீட்டு எந்தப் பெஞ்சிலிருந்து வந்தது என்று கண்ணால்கூடத் தேடாதீர்கள்.

பெற்றோர் முதலில் கேட்பது, “டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடுமா?” என்றுதான். பயத்தில் கேட்கிறார்கள், கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2018இல் இது நோயல்ல என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்து உறவு கொள்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்பாலீர்ப்பை மாற்றிவிடுவதாகச் சொல்லும் ‘மாற்றும் சிகிச்சை’யைத் தருவது மருத்துவரின் தொழில் ஒழுக்க மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. ஆகவே சரியாக்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் விடாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்லுங்கள்.

ஊராரிடம் பேச மேடையும் ஒலிபெருக்கியும் பயன்படாது. ஒரு தாய் இன்னொரு தாயிடம் பேச வேண்டும். தன்பாலீர்ப்பாளர், திருநர் பிள்ளைகளுடைய பெற்றோரின் அமைப்பான ஸ்வீகார் அதைத்தான் செய்கிறது. 2023இல் அதைச் சேர்ந்த 400க்கும் மேற்பட்ட பெற்றோர், தங்கள் பிள்ளைகளின் திருமண உரிமைக்காக இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது, அதுவரை கதவோரம் நின்றிருந்த அம்மாக்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

இனி உங்கள் வகுப்புப் பையன். “நீ அப்படியா?” என்று அவனிடம் கேட்காதீர்கள். அவன் என்னவாக இருந்தாலும் இந்த வதை தவறுதான், அவனுக்கே இன்னும் தெரியாமலும் இருக்கலாம். எங்கே, எப்போது நடக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் கழிப்பறை, மாடிப்படி, பள்ளிப் பேருந்தின் கடைசி வரிசை. காலையிலிருந்து மாலை வரை கழிப்பறைக்கே போகாமல் அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன். இடைவேளையில் அங்கே ஓர் ஆசிரியர் நிற்க ஏற்பாடு செய்யுங்கள்.

அவன் தானாக உங்களிடம் மனம் திறந்தால், அவன் சம்மதமில்லாமல் வீட்டுக்குச் சொல்லக் கூடாது. உடனே படிப்பை நிறுத்தும் வீடுகள் உண்டு, அடிக்கும் வீடுகளும் உண்டு. ஆனால் பாலியல் சீண்டல் நடந்திருந்தால் கதை வேறு: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். அதையும் முதலிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். மனச்சோர்வு தெரிந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. ஆலோசகரே இல்லாத ஊர்ப் பள்ளிகளில் நாங்கள் இந்த இரண்டு எண்களையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.