கிரேடிங்குக்கு அனுப்பும் முன் போகிமான் கார்டின் நிலையை நாமே எப்படிக் கணிப்பது?

1999 பேஸ் செட் என்ற தொகுப்பைச் சேர்ந்த போகிமான் கார்டுகள் சில கையில் இருக்கின்றன, பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கின்றன, கார்டின் நிலைக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் (அதுதான் கிரேடிங்) பிஎஸ்ஏ நிறுவனத்துக்கு அனுப்பினால் 10 வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். "புதிதாக இருக்கிறது" என்று நமக்குத் தோன்றும் கார்டுகளில் பெரும்பாலானவை 10 வாங்குவதில்லை. எங்கே அடிபடும் என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கார்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்க மஞ்சள் பார்டரில் ஓரம் தேய்ந்திருந்தாலும் சட்டென்று தெரியாது. பின்பக்கம் கரு நீலம், அதில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் பளிச்சென்று தெரியும். நான்கு முனைகளையும் நான்கு ஓரங்களையும் 10 மடங்கு பெரிதாக்கும் லூப் வைத்துப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் 10 என்ற ஆசையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது சர்ஃபேஸ், அதாவது கார்டின் மேற்பரப்பு. என் அனுபவத்தில் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். கார்டை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணாடி போல இருந்த ஹோலோ (மின்னும் பூச்சுள்ள) படத்தில் மெல்லிய கீறல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்க்கோடாக ஓடினால் அது பெரும்பாலும் அச்சிலேயே வந்த பிரின்ட் லைன். உங்கள் தவறில்லை, ஆனாலும் மார்க் குறையும். பழைய ரிங் பைண்டரில் வைத்திருந்த கார்டுகளில் வளையம் அழுத்திய பிறை வடிவப் பள்ளம் இருக்கும். ஸ்கேனர் படத்தில் இது தெரியாமலே போகலாம், சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு நிற்கும். மடிப்புக் கோடு லேசாக இருந்தாலும் மதிப்பெண் 5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ போய்விடும், மற்ற எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

சென்டரிங்கை, அதாவது படம் கார்டின் நடுவில் இருக்கிறதா என்பதை, மட்டும் கண்ணை நம்பாமல் அளந்துவிடுங்கள். எதிரெதிர் பார்டர்களின் அகலத்தைச் சதவீதமாகப் பிரித்து 55/45 என்பது போலச் சொல்வார்கள். பிஎஸ்ஏ 10-க்கு முன்பக்கம் ஏறத்தாழ 55/45, பின்பக்கம் 75/25-க்குள் இருக்க வேண்டும்; 9-க்கு முன்பக்கம் 60/40. இடது பார்டர் 3.3 மி.மீ., வலது 2.7 மி.மீ. என்றால் அதுவே சரியாக 55/45. அதாவது அச்சு நடுவிலிருந்து 0.3 மி.மீ. நகர்ந்தாலே எல்லைக்கு வந்துவிடுகிறோம்! ஸ்கேலில் இதைப் படிக்க முடியாது. 600 டிபிஐ-யில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து பிக்சல் எண்ணினால் 78-க்கு 64 என்று துல்லியமாகக் கிடைக்கும். மேல், கீழ் பார்டர்களையும் இப்படியே பாருங்கள்.

வெளியில் வாங்கிய கார்டு என்றால் அளவையும் சரிபாருங்கள். சரியான அளவு 63 × 88 மி.மீ. அதே செட்டின் சாதாரண கார்டுகள் நடுவே நிறுத்தி, மேல் விளிம்பு தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். தேய்மானத்தை மறைக்க ஓரம் வெட்டிய கார்டுக்கு மதிப்பெண்ணே கிடையாது. கிரேடிங் நிறுவனத்தின் கண்ணையும் இது ஏமாற்றியிருக்கிறது: 1991-ல் பிஎஸ்ஏ 8 கொடுத்த ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் கார்டின் ஓரத்தைத் தானே வெட்டியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார்.

தயவுசெய்து எதையும் ஈரத்துணியாலோ திரவத்தாலோ துடைக்காதீர்கள். தேய்ந்த ஓரத்துக்கு மார்க்கரில் மை பூசுவது அதைவிட மோசம். கண்டுபிடித்தால் 'மாற்றப்பட்டது' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெக்கெட் என்ற இன்னொரு கிரேடிங் நிறுவனம் சென்டரிங், முனை, ஓரம், சர்ஃபேஸ் நான்குக்கும் தனித்தனி மதிப்பெண் தரும். நீங்களும் அப்படியே நான்கு எண் போடுங்கள், அதில் குறைந்த எண்ணை ஒட்டித்தான் முடிவு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்கவே எடுக்காதீர்கள். பிறகு அந்த எண்ணிலிருந்தும் ஒன்று குறைத்து, அந்த மதிப்பெண்ணுக்குரிய விலைக்கு விற்றால் கட்டணமும் தபால் செலவும் கழிந்து ஏதாவது மிஞ்சுமா என்று பாருங்கள். சார்மாண்டர் போன்ற சாதாரண கார்டுகளுக்கு 9 வந்தாலும் பெரும்பாலும் கையைக் கடிக்கும். சாரிஸார்ட் ஹோலோ என்றால் கதை வேறு, 6, 7 வந்தாலும் வாங்க ஆள் இருக்கிறது.

அனுப்புவது என்று முடிவானால், மெல்லிய ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறை) போட்டு, வளையக்கூடிய கார்ட் சேவர் என்ற பிளாஸ்டிக் அட்டை உறையில் வையுங்கள். ஸ்லீவின் வாயைக் கொஞ்சம் விரித்துப் பிடித்து கார்டை உள்ளே நுழைத்துவிடுங்கள். அவசரப்பட்டுத் தள்ளும்போதுதான் நல்ல முனையும் மடங்குகிறது.