சார்கோமாவும் இலக்கு மருந்துகளும்: கேள்வி பதில்

அக்காவுக்குத் தொடையில் சார்கோமா, நுரையீரலுக்குப் பரவிவிட்டது. பாசோபானிப் மாத்திரை பலன் தருமா?

சார்கோமா என்பது தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்று. எந்த வகைச் சார்கோமா? ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பாசோபானிப்பைச் சோதித்து 2012இல் வெளியான ‘பாலெட்’ ஆய்வில் 369 பேர் இருந்தனர். கொழுப்புத் திசுச் சார்கோமா உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. நோய் வளராதிருந்த காலம், இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு), வெற்று மாத்திரைக்கு 1.6 மாதம், மருந்துக்கு 4.6 மாதம். மொத்த ஆயுளில் உறுதியான வேறுபாடு இல்லை. மாத்திரை தொடங்கினால் கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அதற்கு முன், பயாப்சியை, அதாவது கட்டியிலிருந்து எடுத்த திசுத் துணுக்கை, சார்கோமா பார்த்துப் பழகிய நோயியல் மருத்துவரிடம் மறுபடியும் காட்டுங்கள்.

இமாடினிப் மாத்திரை எல்லாச் சார்கோமாவுக்கும் கேட்குமா?

கேட்காது. அது முக்கியமாக ஜிஸ்ட் எனும் இரைப்பை, குடல் கட்டிக்கானது. அதிலும் டி842வி எனும் மரபணு மாற்றம் இருந்தால் பயனில்லை.

ஓலாராடுமாப் எனும் சார்கோமா மருந்து ஆயுளை ஓராண்டு நீட்டியதாகப் படித்தேன். ஏன் திரும்பப் பெற்றார்கள்?

டாக்ஸோரூபிசின் எனும் கீமோ மருந்துடன் சேர்த்துக் கொடுத்த இரண்டாம் கட்டச் சோதனையில் 133 பேர்தான். சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 26.5 மாதம், டாக்ஸோரூபிசின் மட்டும் பெற்றவர்களுக்கு 14.7. 2016இல் அமெரிக்கா விரைவு அனுமதி அளித்தது. பிறகு 509 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20.4 மாதம், மற்றவர்களுக்கு 19.7 மாதம். வேறுபாடே இல்லை, அதனால்தான் திரும்பப் பெற்றார்கள். டாக்ஸோரூபிசின் மட்டும் பெற்றவர்கள் இம்முறை ஐந்து மாதம் கூடுதலாக வாழ்ந்திருப்பதைக் கவனியுங்கள். பல வகை நோயாளிகள் கலந்த சிறு குழுக்களில், யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பதே ஆயுள் கணக்கைப் புரட்டிவிடும்.

அப்பாவுக்குக் காலில் கட்டி. எந்த மாத்திரை?

முதலில் பயாப்சி. மாத்திரைப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

மூன்றாம் கட்டம் முடியும்வரை காத்திருந்தால் நோயாளி இறந்துவிடுவாரே. இது கல்நெஞ்சம் இல்லையா?

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. எல்லா மருந்துக்கும் காத்திருக்கச் சொல்லவில்லை. என்டிஆர்கே எனும் மரபணு வேறொரு மரபணுவோடு இணைந்துவிட்ட கட்டிகளுக்கான லாரோட்ரெக்டினிப்பை 55 பேரிடம்தான் சோதித்தார்கள், ஒப்பீட்டுக் குழுவே இல்லை. 75 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. முற்றிய புற்றுக்கட்டி தானாக அப்படிச் சுருங்காது. 2018இல் கிடைத்த அனுமதி நியாயமானது. ஓலாராடுமாப்பின் வலிமை கட்டிச் சுருக்கத்தில் இல்லை, ஆயுள் கணக்கில் மட்டுமே இருந்தது.

ஆனாலும் நம்பிக்கை முக்கியமல்லவா?

முக்கியம்தான். அதனால்தான் பலனில்லாத மருந்துக்கு வீட்டை விற்காதீர்கள் என்று மன்றாடுகிறேன்.

பாசோபானிப் எங்கள் அம்மாவுக்கு...

வகை என்ன? முதல் பதிலைப் படித்துவிட்டு, பயாப்சி அறிக்கையோடு எழுதுங்கள்.