ஸ்கூல் பூட்டினா பிள்ளையளோட என்ன செய்யிறது எண்டு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, ரொறொன்ரோவில முதல் வின்ரர், ஸ்கூல் பூட்டினா ரெண்டு பிள்ளையளையும் வீட்டில வைச்சு என்ன செய்யிறது, எந்த ஆப் நல்லம், ரியூசன் போடவோ எண்டு கேட்டிருக்கிறியள். ஆப் பற்றிக் கனக்கச் சொல்ல மாட்டன், ரிவிஓ லேர்ன் (TVO Learn) எண்ட வெப்சைற்றைத் தேடுங்கோ, ஒன்ராறியோ மாகாணப் பாடத்திட்டப்படி ஒவ்வொரு கிறேட்டுக்கும் ஃப்ரீயா இருக்கு, அது காணும். ரியூசன் இப்ப வேண்டாம்.

முக்கியமானது, பிள்ளையளத் தனிய விட்டிட்டு வேலைக்குப் போகாதேங்கோ. ஊரில நாங்கள் தனிய இருக்கேல்லையோ எண்டு சில சனம் சொல்லும், கேக்காதேங்கோ. இங்க 16 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையை நியாயமான கண்காணிப்பு இல்லாமல் விடுறது சட்டப்படி பிழை, இத்தனை வயசெண்டா தனிய விடலாம் எண்டு தெளிவா ஒரு கணக்கும் அதில இல்லை, பிரச்சினை வந்தா நீங்கள்தான் பதில் சொல்லோணும். பில்டிங்கில இருக்கிற இன்னொரு தாயோட முறை வைச்சுப் பாக்க இப்பவே கதைச்சு வையுங்கோ, ஸ்னோ கொட்டுற அண்டைக்கு விடியக்காலமை ஆள் தேட ஏலாது. மற்றது, ஸ்கூல் பஸ் ஓடாது எண்டா ஸ்கூல் பூட்டு எண்டில்லை, புதுசா வாற ஆக்கள் கனபேர் இதில குழம்பிறவை.

நாங்கள் வந்த புதுசில, 1997 ஒக்டோபர் கடைசியில, ஒன்ராறியோ முழுக்க ரீச்சர்மார் ரெண்டு கிழமை வேலைநிறுத்தம். இவர் இரவு வேலை முடிச்சு வந்து பகல்ல நித்திரை, எனக்கு இங்கிலிஷ் வராது, இருந்தது ஸ்காபுரோவில ஒரு பேஸ்மென்ற், பிள்ளையள் கொஞ்சம் சத்தம் போட்டாலே மேல் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார், அதுவும் எங்கட ஆள்தான், தானும் ஒரு பேஸ்மென்றில தொடங்கினதை மறந்த மனுசன். வாசல்ல போட்டிட்டுப் போற கடை விளம்பர ஃபிளையர்தான் அப்ப எங்கட பாடப்புத்தகம். படங்களை வெட்டி நிலத்தில கடை பரப்பி, 20 டொலருக்குள்ள சாமான் வாங்கோணும் எண்டு விளையாடுவினம், கூட்டல் கழித்தல் எல்லாம் அதிலயே வந்திட்டுது. அவையள் வாசிச்சுக் காட்டக் காட்ட எனக்கும் இங்கிலிஷ் ஏறினது, ஒரு கிளாசுக்கும் போகேல்ல.

வீட்டிலயும் இங்கிலிஷில கதையுங்கோ, கெதியாப் பழகுவினம் எண்டு உங்களுக்கும் ஆரும் சொல்லியிருப்பினம். அப்பிடிச் சொன்ன ஆக்களின்ர பிள்ளையள் இண்டைக்கு அம்மம்மாவோட போனில ரெண்டு வசனம் கதைக்க மாட்டாமல் நிக்கிறதைப் பாக்க எனக்கு நெஞ்சு எரியுது. இங்கிலிஷை ஸ்கூல் பாத்துக்கொள்ளும் தங்கச்சி, பூட்டுற நாள்தான் தமிழுக்குக் கிடைக்கிற நேரம், கதை சொல்லுங்கோ, சமைக்கேக்குள்ள பக்கத்தில வைச்சுக் கதையுங்கோ.

ஸ்னோ விழுந்தா வெளியிலயும் கூட்டிக்கொண்டு போங்கோ, குளிருது எண்டு பொத்தி வைக்காதேங்கோ, விண்ட் சில், அதாவது காத்தோட சேர்த்து உடம்புக்குத் தெரியிற குளிர், -28க்குக் கீழ போனா மட்டும் வேண்டாம், தோல் விறைச்சுப் புண்ணாகும். 2022 ஜனவரி 17, கோவிட்டால ஒன்லைனில படிச்ச பிள்ளையள் திரும்பப் போக இருந்த நாள், அண்டைக்கெண்டு புயல் அடிச்சு ரொறொன்ரோ ஸ்கூலெல்லாம் பூட்டு, பேரன் ஒரே அழுகை. நேரான கண்ணாடிக் கிளாசில அமத்தாமல் ஸ்னோ அள்ளி, ரூலரால அளந்து, உருகினாப் பிறகு திரும்ப அளக்க விட்டன். பொதுவா 10 சென்ரிமீற்றர் ஸ்னோ உருகினா 1 சென்ரிமீற்றர் தண்ணிதான் வரும், ஈர ஸ்னோ எண்டா கொஞ்சம் கூட. மிச்சம் எங்க போனது எண்டு கேட்டான், உள்ள இருந்தது காத்து எண்டு விளங்கப்படுத்த அரைநாள் போட்டுது.

ஸ்கிறீன் ரைமுக்குப் பெரிசாப் பயப்பிடாதேங்கோ, நீங்கள் களைச்ச நேரம் கொஞ்சம் பாக்கட்டும். ஆனா இந்தக் கிழமையே ரொறொன்ரோ பப்ளிக் லைபிரரிக்குப் போய் காட் எடுங்கோ, ஃப்ரீதான், பேரும் விலாசமும் உள்ள அத்தாட்சி கொண்டு போங்கோ. தமிழ்ப் புத்தகமும் இருக்கு, பிந்திக் குடுத்தாலும் இப்ப ஃபைன் இல்லை, ஸ்னோ வர முதல் ஒரு பை நிறைய எடுத்து வையுங்கோ.