214 கோடியைத் தாண்டிய ஒரு பகா எண்: கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மாணவர்களும் பெற்றோர்களும் 2³¹ − 1, அதாவது 2147483647 என்ற எண்ணைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

அரூரிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி: ஐயா, இது பகா எண்தான் என்று கணினி இல்லாத காலத்தில் எப்படி உறுதி செய்தார்கள்?

நல்ல கேள்வி, அம்மா. இதை 1772-இல் நிறுவியவர் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர். அப்போது அவர் பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார். இது பகு எண்ணாக இருந்தால் இதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 46,340-க்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீர வேண்டும். அந்த எல்லைக்குள் 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்கள் உள்ளன. ஆனால் அவை எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

ப என்ற பகா எண் இதை மீதியின்றி வகுப்பதாகக் கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ அதனால் வகுக்க மீதி 1 வரும். பெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி 2-இன் (ப − 1)-ஆம் அடுக்குக்கும் மீதி 1 என்பதாலும், 31 பகா எண் என்பதாலும், ப − 1 என்பது 31-இன் மடங்காகிறது; ப ஒற்றை எண் ஆகையால் 62-இன் மடங்காகவே ஆகிவிடுகிறது. மேலும், 2¹⁶-இன் வர்க்கமான 2³²-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 2 கிடைக்கிறது. ஒரு வர்க்க எண் இவ்வாறு 2-ஐ மீதியாகத் தர வேண்டுமானால், ப-ஐ 8-ஆல் வகுக்கையில் 1 அல்லது 7 மட்டுமே மீதியாக வரலாம். இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் உட்பட்ட முதல் பகா எண் 311. அதனால் வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303 வரை தாவிவிடுகிறது! இடையிலிருந்த அத்தனை பகா எண்களும் வகுக்காமலேயே கழிந்துவிட்ட இந்த அழகை மாணவர்கள் ஒருமுறையாவது தாங்களே எழுதிப் பார்த்து உணர வேண்டும் என்பது என் விருப்பம்.

ஊத்தங்கரையிலிருந்து ஒருவர்: 2-இன் அடுக்கு பகா எண்ணாக இருந்தால், 1-ஐக் கழித்து வரும் விடையும் பகா எண்ணாகிவிடுமா?

ஆகாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 2⁶⁷ − 1 பகா எண் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் எழுதியிருந்தார். 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் அதை 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார்.

கிருஷ்ணகிரியிலிருந்து கணினித் துறை ஊழியர்: நிரல் எழுதும்போது இதே எண் எங்களுக்கு அடிக்கடி எதிர்ப்படுகிறதே?

குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு இதுதான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இவ்வகையில் எண்ணும் பழைய அமைப்புகள், நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு அந்த எல்லையைத் தொடும். இதற்கும் அது பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பு கிடையாது.

ஓசூரிலிருந்து ஒரு தந்தை: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் கையால் செய்து பார்க்க ஏதேனும் உண்டா?

2¹³ − 1 = 8191-ஐக் கொடுங்கள். இதன் பகாக் காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் 26-இன் மடங்கு வர வேண்டும். தேட வேண்டிய எல்லை 90. அதற்குள் கிடைப்பவை 27, 53, 79. இவற்றில் 27 பகா எண் அன்று. 53-ஐ 8-ஆல் வகுத்தால், முன்பு கண்டபடி 1 அல்லது 7 வராமல் மீதி 5 வருவதால் அதுவும் விலகுகிறது. எஞ்சிய 79-ஆல் 8191-ஐ வகுத்தால் மீதி 54. ஆகவே ஒரே ஒரு வகுத்தலில் 8191 பகா எண் என்று அவன் நிறுவிவிடலாம்.