வில்லியம் பைரனின் தொடக்க ஆண்டுகள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்காரின் ஓட்டுநர் வில்லியம் பைரனைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரி கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். 2024, 2025 டேட்டோனா 500 வெற்றிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. இங்கே பேச்சு 2012-இல் தொடங்கி, நாஸ்காரின் உச்சத் தொடரான கப் சீரீஸில் அவர் பெற்ற தொடக்க வெற்றிகள் வரை மட்டும்.

கல்லூரி மாணவர், கோவை: கம்ப்யூட்டரில் விளையாடியே நாஸ்காருக்கு வந்தவர் என்கிறார்களே, அது உண்மையா, விளம்பரமா?

பாதி உண்மை. பைரன் 1997 நவம்பர் 29 அன்று வட கரோலினாவின் சார்லட்டில் பிறந்தவர். பெரும்பாலான நாஸ்கார் அணிகளின் பட்டறைகள் அந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆனால் அவருடையது பந்தயக் குடும்பம் இல்லை. மற்றவர்கள் ஐந்து, ஆறு வயதில் கோ-கார்ட்டில் ஏறும்போது, இவர் பதின்ம வயதின் தொடக்கத்தில் ஐரேசிங் என்ற கணினிப் பந்தய சிமுலேட்டரில்தான் ஆரம்பித்தார். அங்கே சுமார் 680 பந்தயங்கள், நூற்றுச் சொச்சம் வெற்றிகள். நிஜக் காரில் உட்கார்ந்தது 2012-இல், 14 வயதில்.

'பாதி' என்று சொன்னதற்குக் காரணம், சிமுலேட்டரிலிருந்து யாரும் அவரை நேராகத் தூக்கி நாஸ்காரில் உட்கார வைக்கவில்லை. லெஜண்ட்ஸ் (சிறிய பந்தயக் கார்), லேட் மாடல் (உள்ளூர்ப் பாதைகளின் கார் வகை), கே அண்ட் என் ஈஸ்ட் (வட்டாரத் தொடர்), டிரக் (மூன்றாம் நிலைத் தேசியத் தொடர்), எக்ஸ்ஃபினிட்டி (இரண்டாம் நிலை), கப் என்று எல்லாப் படியும் ஏறினார். கப்புக்கு முந்தைய ஒவ்வொன்றிலும் ஓரிரு வருடம்தான் இருந்தார் என்பதே வித்தியாசம்.

சிம் ரிக் வைத்திருப்பவர், சென்னை: சிமுலேட்டரில் கற்றதில் எது நிஜக் காருக்கு வரும், எது வராது?

கண்ணும் மூளையும் கற்றது வரும். எங்கே திரும்புவது, எந்த இடத்தில் ஆக்சிலரேட்டரை விடுவது, பக்கத்தில் கார் இருக்கும்போது எவ்வளவு இடம் கொடுப்பது, ரீஸ்டார்ட்டில் (இடைநிறுத்தத்துக்குப் பின் பந்தயம் மீண்டும் தொடங்கும்போது) எந்த வரிசை நகரும் என்பதெல்லாம் அப்படியே கைகொடுக்கும். ஐரேசிங்கின் பாதைகள் லேசர் ஸ்கேன் செய்தவை. தளத்தின் மேடு பள்ளம்கூட அதே இடத்தில் இருக்கும்.

உடம்பு கற்க வேண்டியது வராது. காரின் பின்பக்கம் நழுவத் தொடங்குவதை நிஜ ஓட்டுநர் முதலில் இடுப்பில் உணர்கிறார். சிம்மில் அது திரையிலும் ஸ்டீயரிங்கிலும் தெரியும்போது கொஞ்சம் தாமதமாகிவிடும். காருக்குள் இருக்கும் சூடு, கழுத்து வலி, சுவரில் இடித்தால் வரும் செலவு எதுவும் சிம்மில் இல்லை. அதனால்தான் சிம்மில் வேகமாக ஓட்டும் பலர் நிஜக் காரில் முதல் நாள் அளவுக்கு மீறி நிதானமாகவோ, அளவுக்கு மீறித் துணிந்தோ ஓட்டுகிறார்கள்.

அதே நபர்: அப்படியானால் ஓவலுக்கு, அதாவது முட்டை வடிவப் பாதைக்கு, சிம்மில் எப்படிப் பயிற்சி செய்வது?

ஐரேசிங்கின் ரூக்கி (தொடக்கநிலை) வகுப்பில் ஸ்ட்ரீட் ஸ்டாக் கார் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே செட்டப் (காரின் இயந்திர அமைப்பு) உள்ள பந்தயங்களிலேயே முதலில் இருங்கள். செட்டப்பைத் திருத்தும் ஆசையை ஆறு மாதம் ஒத்திப்போடலாம்.

முதல் வேலை திரையின் பார்வைக் கோணம். மானிட்டரின் அகலத்தையும் கண்ணிலிருந்து அதன் தூரத்தையும் அளந்து போடுங்கள். கோணத்தைத் தேவைக்கு மேல் விரித்து வைத்தால் வேகம் பிடித்த மாதிரி இருக்கும், வளைவு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்ற கணக்கு தப்பிவிடும். பெடலுக்குப் பணம் இருந்தால் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பிரேக் வாங்குங்கள், ஸ்டீயரிங்கை அப்புறம் பார்க்கலாம். கால் நினைவில் வைத்துக்கொள்வது எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதை அல்ல, எவ்வளவு அழுத்தினோம் என்பதை.

பயிற்சிக்கு ஒற்றைச் சுற்று நேரத்தைத் துரத்தாதீர்கள். டேங்க் நிறைய எரிபொருளோடு 40 சுற்று ஓட்டுங்கள். 5 முதல் 10 வரையிலான சுற்றுகளின் சராசரியையும் கடைசிப் பத்தின் சராசரியையும் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் மதிப்பெண். அது பெரிதாக இருந்தால், பெரும்பாலும் ஸ்டீயரிங்கைப் படக்கென்று திருப்புகிறீர்கள் என்று பொருள். இடப்பக்கமே திரும்பும் ஓவலில் வலது முன் டயர்தான் அதிகச் சுமை தாங்குகிறது. படக்கென்று திருப்பினால் அது பிடிக்காமல் வழுக்கிச் சூடேறும், சூடேறியதும் பிடிமானம் குறையும், குறைந்ததும் இன்னும் அதிகமாகத் திருப்புவீர்கள். பதினைந்தாவது சுற்றுக்குள் கார் திரும்பவே மறுக்கும்.

தவறுகளுக்கு ஐரேசிங் போடும் சம்பவப் புள்ளிகளையும் கவனியுங்கள். தடத்தை விட்டு வெளியேறினால் 1, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4. பாதுகாப்பு மதிப்பீடு 3.0-க்கு மேல் இருந்தால்தான் அடுத்த உரிமம்.

கார்ட்டிங் பயிற்சியாளர், பெங்களூரு: லெஜண்ட்ஸ் கார் என்பது பொம்மைக் கார் மாதிரி இருக்கிறதே, அதில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

தோற்றத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1930, 40-களின் அமெரிக்கக் கார்களை 5/8 அளவுக்குச் சுருக்கிய ஃபைபர் உடல், உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம். யமஹா மோட்டார் சைக்கிள் எஞ்சின், ஏறத்தாழ 130 குதிரைத் திறன். ஓட்டுநரோடு சேர்த்து எடை 1300 பவுண்டு, அதாவது 590 கிலோ அளவு. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 73 அங்குலம்தான்.

இந்த 73 அங்குலத்தில்தான் பாடமே இருக்கிறது. நீளம் குறைந்த கார் சட்டென்று சுழலும், திருத்த நேரம் தராது. காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் உதவி கிடையாது. டயரும் அகலமான பந்தய ஸ்லிக் அல்ல, சாதாரணச் சாலை டயர் வகை. திறனுக்கு ஏற்ற பிடிமானம் இல்லாததால் வலது கால் மென்மையாக இருந்தே ஆக வேண்டும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் நேராகும் அளவுக்கு மட்டுமே ஆக்சிலரேட்டர். முந்திக்கொண்டு மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும், நேர்ப்பாதை முழுக்க இரண்டு கார் நீளம் போய்விடும்.

செட்டப் செய்பவர் முதலில் கற்பது குறுக்கு எடை. நான்கு சக்கரங்களையும் தனித்தனித் தராசில் ஏற்றி, வலது முன் சக்கர எடையையும் இடது பின் சக்கர எடையையும் கூட்டி மொத்த எடையால் வகுக்க வேண்டும். இந்த விகிதம் ஏறினால் கார் டைட், அதாவது மூக்கு வெளியே தள்ளும். இறங்கினால் லூஸ், வால் வெளியே வரும். டயர் காற்றைச் சரிசெய்து, ஓட்டுநரை இருக்கையில் உட்கார வைத்த பிறகுதான் தராசைப் பார்க்க வேண்டும். பலர் காலிக் காரை எடைபோட்டுவிட்டு, பாதையில் கார் ஏன் வேறு மாதிரி நடக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

சார்லட் மோட்டார் ஸ்பீட்வேயின் முன்பக்க நேர்ப்பாதையை ஒட்டியே கால் மைல் ஓவல் ஒன்று இருக்கிறது. கோடையில் அங்கே லெஜண்ட்ஸ் தொடர் நடக்கும். பைரன் லெஜண்ட்ஸில் 33 பந்தயங்களை வென்று யங் லயன்ஸ் பிரிவின் சாம்பியன் ஆனார். லெஜண்ட்ஸ் கார் ஐரேசிங்கிலும் இருக்கிறது. முன்பே திரையில் ஓட்டிய காரை நிஜத்தில் ஓட்டும் வசதி அவருக்கு இருந்தது.

பள்ளி மாணவரின் தந்தை, டல்லஸ்: வயது வரம்பு எப்படி?

டிரக் சீரீஸில் 16 வயதானால் 1.25 மைல் வரையிலான சிறிய ஓவல்களிலும் வளைவுச் சாலைப் பாதைகளிலும் ஓட்டலாம் என்பதே அப்போதைய விதி. பெரிய ஓவலுக்கு 18. பைரனின் டிரக் அறிமுகம் 2015 நவம்பரில் ஃபீனிக்ஸில், 18 ஆவதற்குச் சில நாட்கள் முன்பு. அது ஒரு மைல் ஓவல் என்பதால் தடை இல்லை. இன்னொரு ஓட்டுநரான ஜோயி லொகானோவும் 2008 மே மாதம் 18 முடிந்த ஒரே வாரத்தில் இரண்டாம் நிலைத் தொடரில் இறக்கப்பட்டார். அணிகள் பிறந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக் காத்திருப்பது வழக்கம்தான். விதிகள் அவ்வப்போது மாறும், பையனுக்குப் பதிவு செய்யும் முன் அந்த வருட விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

சென்னை வாசகி: 2014, 2015-இல் பைரன் எதில் ஓட்டினார்?

2014-இல் நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரின் ஜேஆர் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அணிக்கு லேட் மாடல் ஓட்டினார். ஹிக்கரி போன்ற பழைய, டயர் தின்னும் பாதைகளில் ஓட்டும் வகை அது. முதல் இருபது சுற்றில் அவசரப்பட்டவர் கடைசி இருபதில் பின்னால் போவார். 2015-இல் கே அண்ட் என் ப்ரோ சீரீஸ் ஈஸ்ட், நான்கு வெற்றி, சாம்பியன்.

டிரக் பந்தய ரசிகர், டொராண்டோ: 2016-இல் ஏழு பந்தயம் வென்றும் பட்டம் ஏன் கிடைக்கவில்லை?

அந்த வருடம்தான் டிரக் சீரீஸுக்கு வெளியேற்று முறை வந்தது: சீசனின் கடைசிப் பகுதியில் ஓட்டுநர்களைப் படிப்படியாகக் கழித்து, இறுதிப் பந்தயத்தில் மிஞ்சும் நால்வரில் முன்னால் முடிப்பவருக்குப் பட்டம். கைல் புஷ் மோட்டார்ஸ்போர்ட்ஸின் 9-ஆம் எண் டொயோட்டாவில் கான்சாஸ், டெக்சாஸ், அயோவா, கென்டக்கி, போகோனோ, நியூ ஹாம்ப்ஷயர் என ஆறு வெற்றி. கான்சாஸில் கடைசிச் சுற்றில் முன்னால் இருந்த இருவர் மோதிக்கொண்டதால் வந்த வெற்றி. மற்றவற்றை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்க முடியாது.

இறுதி நால்வரைத் தீர்மானிக்கும் கடைசிப் பந்தயம் ஃபீனிக்ஸ். அங்கே பெரும்பாலான சுற்றுகளில் முன்னிலையில் இருந்த பைரனின் எஞ்சின், முடிவு நெருங்கும்போது புகைந்தது. அதோடு பட்டத்துக்கான வாய்ப்பும் போயிற்று. அடுத்த வாரம் ஹோம்ஸ்டெட்டில் பந்தயத்தை வென்றது பைரன், பட்டம் ஜானி சாட்டருக்கு. பைரனுக்குப் புள்ளிப்பட்டியலில் ஐந்தாம் இடம். அறிமுக ஓட்டுநர் ஒருவர் ஒரே சீசனில் ஏழு வெற்றி என்பது டிரக் சீரீஸ் சாதனை.

இந்த முறை நியாயமா என்ற சண்டை முடியாது. என் கருத்து: 22 பந்தயமாகச் சேர்த்த வேலையை ஒரு எஞ்சின் அழிக்க முடியுமென்றால், அந்த விதி தொலைக்காட்சிக்காக எழுதப்பட்டது.

அதே ரசிகர்: அவ்வளவு அனுபவமில்லாதவர் எப்படி உடனே வென்றார்? வண்டிதானே காரணம்?

வண்டி பெரிய காரணம். அந்தத் தொடரின் மிக வலிமையான அணிகளில் ஒன்று அது. சதுர உடல் கொண்ட டிரக் காற்றை அதிகம் தடுக்கும், தரையோடு அழுத்தும் விசையும் அதிகம் கிடைக்கும். அதனால் 1.5 மைல் பாதைகளில் தனியாக ஓடும்போது ஆக்சிலரேட்டரை விடவே தேவை குறைவு. திறமையின் இடம் ரீஸ்டார்ட், காற்றைப் பயன்படுத்துவது, தடத்தைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றுக்கு நகர்ந்துவிடுகிறது. சிம்மில் வளர்ந்தவருக்கு வசதியான களம். ஆனால் அதே அணியின் வண்டியில் ஏறிய எல்லா இளைஞர்களும் ஏழு பந்தயம் வெல்லவில்லை. பைரனின் க்ரூ சீஃப் (காரையும் பந்தய உத்தியையும் தீர்மானிக்கும் அணித் தலைவர்) ரூடி ஃபியூகல் என்ற பெயரை நினைவில் வையுங்கள், கீழே வருகிறது.

மதுரை வாசகர்: 2017 எக்ஸ்ஃபினிட்டி பட்டம் பற்றிச் சொல்லுங்கள்.

மீண்டும் ஜேஆர் மோட்டார்ஸ்போர்ட்ஸ், மீண்டும் 9-ஆம் எண், இம்முறை செவ்ரோலெட். ஜூனில் மிஷிகனில் டென்னி ஹாம்லினிடம் 0.012 வினாடியில் தோற்றார். அடுத்த வாரமே அயோவாவில் முதல் வெற்றி. பிறகு டேட்டோனா, இண்டியானாபொலிஸ், நவம்பரில் ஃபீனிக்ஸ். போன வருடம் எஞ்சின் போன அதே பாதை.

ஹோம்ஸ்டெட் இறுதியில் அணித் தோழர் எலியட் சாட்லரோடு நேரடிப் போட்டி. கடைசிச் சுற்றுகளில் சாட்லர், ஓட்டுநர் பட்டப் போட்டியில் இல்லாத ரயன் ப்ரீஸின் காருக்குப் பின்னால் சிக்கிக்கொண்டார், பைரன் தாண்டிப் போனார். சாட்லர் ப்ரீஸ் மீது கோபப்பட்டதும் அதனால்தான். பந்தயத்தில் மூன்றாவதாக வந்த பைரனுக்குப் பட்டம். முந்தைய ஆண்டு விதி பறித்ததை இந்த ஆண்டு விதி கொடுத்தது என்று கணக்கு வைப்பவர்கள் உண்டு.

பொறியியல் மாணவி, திருச்சி: இத்தனை வேகமாக ஏறியவர் கப் சீரீஸில் ஏன் தடுமாறினார்?

2018-இல் ஹென்ட்ரிக் மோட்டார்ஸ்போர்ட்ஸின் 24-ஆம் எண் காரில் 23-ஆம் இடம். முதல் ஐந்துக்குள் ஒருமுறைகூட வரவில்லை. சிறந்த அறிமுக ஓட்டுநர் விருது கிடைத்தது, ஆனால் அந்த வருடம் போட்டிக்கு ஆள் குறைவு.

காரணம் ஒன்றல்ல. அந்த ஆண்டு செவ்ரோலெட்டுக்குப் புதிய கமாரோ உடல். ஹென்ட்ரிக்கின் நான்கு கார்களும் சேர்ந்தே ஆகஸ்ட் வரை வெல்லவில்லை, வாட்கின்ஸ் க்ளென்னில் சேஸ் எலியட்தான் முதலில் வென்றார். சுமார் 1500 கிலோ காரில் அப்போது 750 குதிரைத் திறன். டிரக்கில் விடாமல் மிதித்த வளைவில் இங்கே விட வேண்டும், சில இடங்களில் பிரேக்கும் பிடிக்க வேண்டும். பந்தயத் தூரமும் 400, 500, 600 மைல் என்று நீளும். பகலில் தொடங்கி இரவில் முடியும் 600 மைலில் தளம் குளிரும்போது காரின் போக்கே மாறும். இப்போது கொஞ்சம் லூஸாக இருக்கும் கார் இரண்டு மணி நேரம் கழித்துச் சரியாகிவிடுமா என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தால்தான் க்ரூ சீஃப், பின் கண்ணாடி வழியாகக் குறுக்கு எடையை மாற்றும் திருகை அரைச் சுற்றா, ஒரு சுற்றா என்று முடிவெடுக்க முடியும். அந்தச் சொல்வளம் ஓட்டிய மைல்களில்தான் வரும், பைரனிடம் மைல்கள் குறைவு.

டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நுழையும் பிட் ரோடு இன்னொரு பொறி. ஸ்டாக் காரில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. கியரையும் எஞ்சின் சுழற்சியையும் வைத்தே வேக வரம்பைக் காக்க வேண்டும். பயந்து மெதுவாகப் போனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடம் போகும், துணிந்தால் அபராதம்.

2019-இல் ஜிம்மி ஜான்சனின் ஏழு பட்டங்களுக்கும் பின்னால் இருந்த சாட் கனாஸ் பைரனின் க்ரூ சீஃப் ஆனார். டேட்டோனா 500-இல் முதல் இடத்திலிருந்து தொடக்கம், சீசன் முடிவில் 11-ஆம் இடம். 2020 ஆகஸ்ட் 29, டேட்டோனாவில் தன் 98-ஆவது கப் பந்தயத்தில் முதல் வெற்றி. பட்டத்துக்கான பிளே-ஆஃப் கட்டத்தில் இடம்பிடிக்க இருந்த கடைசிப் பந்தயம் அது. அந்த இடத்துக்காகப் போராடிய ஜான்சன் விபத்தில் சிக்கி வாய்ப்பை இழந்தார்.

2021-இல் கனாஸ் அலுவலகப் பொறுப்புக்கு மாற, வந்தவர் டிரக்கில் அவரோடு இருந்த ரூடி ஃபியூகல். சீசனின் மூன்றாவது பந்தயத்திலேயே ஹோம்ஸ்டெட்டில் வெற்றி. ஓட்டுநரும் க்ரூ சீஃபும் ஒரே மொழியில் பேசினால் எத்தனை சுற்று மிச்சமாகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: 24-ஆம் எண் முன்னாள் சாம்பியன் ஜெஃப் கார்டனுடையதுதானே?

ஆமாம். அவருக்குப் பின் சேஸ் எலியட் ஓட்டினார். 2018-இல் எலியட் தன் குடும்ப எண்ணான 9-க்கு மாற, 24 பைரனுக்கு வந்தது.

கோவை வாசகர்: நம் நரேன் கார்த்திகேயனும் டிரக் ஓட்டினாரே?

ஓட்டினார், 2010-இல், வைலர் ரேசிங்கின் 60-ஆம் எண் டொயோட்டாவில். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயத்திலேயே 13-ஆம் இடம். அந்த ஆண்டு ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மிகப் பிரபலமான டிரக் ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான். ஃபார்முலா காரின் பிரேக்குக்குப் பழகிய கால், மார்ட்டின்ஸ்வில்லின் அரை மைல் ஹேர்பின்னில் கனமான வண்டியின் பிரேக்கைச் சூடேறவிடாமல் காப்பது லேசான வேலை இல்லை.

சிம் ரிக் வைத்திருப்பவர், மறுபடியும்: பைரன் போல வேறு யாராவது?

ராஜா கரூத் ஐரேசிங்கில் தொடங்கி லெஜண்ட்ஸ் வழியாக வந்து, 2024-இல் லாஸ் வேகஸில் டிரக் பந்தயம் வென்றார். டை மெஜெஸ்கி ஐரேசிங் தரவரிசையில் உச்சத்தில் இருந்தவர், 2024 டிரக் சாம்பியன். ஆனால் அவர் சிறு வயதிலிருந்தே நிஜப் பாதையிலும் ஓட்டியவர், அதனால் அவரைப் பைரன் கணக்கில் சேர்க்க மாட்டேன். சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் கரூத்தின் லெஜண்ட்ஸ் பந்தயங்களைத் தேடிப் பாருங்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது வலது கால் என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.